ஒருகொடவத்தை, இரவுப் பணி

கொன்டெய்னர் போகுமிடம்
எங்கோ ஒரு குட்டித்தீவு.
இந்த மாதத்தில் இது இரண்டாவது.
சனத்தொகை ஒன்பதாயிரம் என்றான் முஸம்மில்,
போனில் தேடி.
சுங்கப் படிவத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டோம்:
பால்குடிப் பிள்ளையும்
நாளுக்கு நாலு பக்கற் இழுத்தால்தான்
சரிவரும்.

விடிய, கம்பனி ஐயா வந்தார்.
கள்ளக் கடத்தலால் அரசுக்கு எவ்வளவு நட்டமென்று
வழவழத்தாளில் ஒரு கையேடு,
ஆளுக்கொன்று.
சீல் உடைந்த கதவைப் பார்த்துத்
தலையாட்டினார்
செத்தவீட்டுக்கு வந்தவர்போல.
"போலிச் சரக்கு, தம்பி."

ஏழாம் பக்கத்தைப் புரட்டினேன்:
'அசலை அறிய ஆறு வழிகள்.'
மடிப்பு, பசை, மினுங்கல் தாள்,
அடியில் ஊசியெழுத்தில் தொழிற்சாலை இலக்கம்...
மேசையில் கிடந்த பக்கற்
ஆறிலும் பாஸ்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
தேத்தண்ணி வந்தது. குடிக்கவில்லை.

கெய்சர் வீதியில்
தனிச் சிகரட் விற்ற இல்ஹாமுக்கு
நேற்றுத்தான் பதினாலு நாள் மறியல்.

பத்து மணிக்கு மேலிடத்து அழைப்பு.
படிவத்தில்
'உற்பத்தியாளர்' என்ற கட்டம் மட்டும்
இப்போதைக்கு
வெறுமையாகவே இருக்கட்டுமாம்.

பேனையை மூடிவிட்டு
முஸம்மில் என்னைப் பார்க்கிறான்.