கடிவாய்

ஆறு மணிக்குப் பிறகு பல் ஆய்வகத்தில்
நானும் சூளையும்தான்.
தொள்ளாயிரம் டிகிரியில்
யாரோ ஒரு துறைமுகக் கணக்கரின் கடைவாய்ப்பல்
வெந்துகொண்டிருக்கும்.
அது வேகும் இருபது நிமிடம் என் பள்ளிக்கூடம்.

பிளாஸ்டர் தூசியை முழங்கையால் தள்ளிவிட்டுச்
சீட்டுகளைப் பரப்புவேன்.
மூன்றில் தொடங்கு என்கிறது கையேடு:
நேற்று, இன்று, நாளை.
பேராசைக்காரி,
நான் பத்தில் தொடங்கினேன்.

சீட்டு எனக்குப் புதிதல்ல.
சனிக்கிழமைகளில் ரெனாத்தாவின் பாரில்
பிரிஸ்கோலா ஆடியே
காப்பிக் கடனை அடைக்கிறவள்.
வாள், கோப்பை, நாணயம், கோல்
நாலும் விரலுக்குப் பழக்கம்.
அதுதான் தொல்லை.
நாலு வாள் அங்கே சல்லிக்காசு பெறாது,
வந்த கையோடு கழித்துவிடுவேன்.
இங்கே அதே நாலு வாளுக்கு நடுவே
கைகூப்பிப் படுத்திருக்கிறான் ஒருவன்.
செத்தானா, தூங்குகிறானா?
நாற்பத்தோராம் பக்கம் வரை போய்வர வேண்டும்.

தலைகீழாய் வந்தால் பொருளும் தலைகீழாம்.
தூக்கில் தொங்குபவன் தலைகீழாய் வந்தான்.
நிமிர்ந்து நின்று
பாலே ஆடுகிறவன் மாதிரி இருந்தான்.
அவனை என்ன சொல்லித் தேற்றுவது?

ஒருநாள், குமிழி போக்கும் அதிர்மேசையை
அணைக்க மறந்துவிட்டேன்.
சீட்டுகள் நடக்கத் தொடங்கின.
நேற்று மெல்ல நகர்ந்து
இன்றின் தோள்மேல் ஏறிக்கொண்டது.
நாளை விளிம்பைத் தாண்டி
மெழுகுக் கிண்ணத்தில் விழுந்தது.
கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை.

வியாழன்று ஸ்ரெச்கோ வந்தான்,
மருத்துவமனைகளிலிருந்து வாய் அச்சுகளைச்
சுமந்துவரும் பையன்.
போரா காற்று த்ரியெஸ்தேயைப் புரட்டிப்போட்ட மாலை.
தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டான்:
ஸ்கூட்டரை விற்றுவிடலாமா, நீவெஸ்?
எனக்கு வாய்த்த முதல் ஆள்.
கை வியர்த்தது.

முதல் சீட்டு நீ.
இரண்டாவது உன்னைக் குறுக்கே மறிப்பது.
மூன்றாவது உன் காலடி.
ஒப்பித்தேன், ஒப்பித்தேன்.
மரியாதைக்குத் தலையாட்டினான்.
பத்து வாக்கியம்,
பத்து வெவ்வேறு வாயிலிருந்து பிடுங்கிய பத்துப் பல்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இங்கே பல்லெல்லாம் இருந்தது,
சொல் மட்டும் எழவில்லை.

அப்போதுதான் என் கை
தன் தொழிலைச் செய்தது.
தனிப் பல்லை யார் பார்ப்பார்கள்?
மேல்தாடையைக் கீழ்த்தாடையில் பொருத்தி
நடுவே நீலத்தாள் வைத்துக் கடிக்கவிட்டு
எங்கே மை ஒட்டுகிறது என்றல்லவா பார்ப்போம்.
அப்படிப் பார்த்தேன்.
காலடியில் ஐந்து நாணயம், பனியில் இருவர்.
உச்சியில் ஆறு நாணயம்,
தராசோடு ஒருவன், ஏந்திய கைகள்.
இரண்டும் ஒன்றையொன்று கடித்தன.
நடுவில் அவன்.

இது ஸ்கூட்டரைப் பற்றியதில்லை, என்றேன்.
பேசவில்லை.
ராத்திரியில் பல்லைக் கடிக்கிறாய், இல்லையா?
அதுவும் சீட்டில் இருக்கிறதா?
இல்லை. உன் தாடையில் இருக்கிறது.

தலைக்கவசத்தைக் கழற்றினான்.
அண்ணன் பணம் கேட்கிறான், என்றான்.
மூன்றாவது தடவை.
சீட்டு சொல்லாத பெயர்களையெல்லாம்
அவனே சொன்னான்.
நான் கையேட்டை மூடி
அதன்மேல் அவனுக்குக் காப்பி வைத்தேன்.

சூளை மணி அடித்தது.
விற்கிறாயா, என்று கேட்க நினைப்பதற்குள்
கதவைத் திறந்துவிட்டான்.
காற்று உள்ளே வந்து
எழுபத்தெட்டையும் அள்ளியது.

எட்டு மணிவரை பொறுக்கினேன்,
அலமாரிக்கடியில், தாடைப் பெட்டிகளுக்கு நடுவே.
ஒன்று ஈரப் பிளாஸ்டரில் முதுகு குத்தி விழுந்திருந்தது:
இரண்டு கோப்பை.
துடைத்தால் கிழியும். காயவிட்டேன்.
இப்போது அதன் முதுகில் ஒரு வெள்ளைத் தடிப்பு.
கட்டில் எங்கிருந்தாலும்
கட்டைவிரல் கண்டுபிடித்துவிடுகிறது.
எடுக்காமலிருக்கத்தான்
இன்னும் பழகவில்லை.
பிரிஸ்கோலா புத்தி.