மூன்றாம் எச்சரிக்கை

காஸ் அடுப்பின் குமிழை ஐந்து தரம் தொடுவேன்.
நான்கு போதாது, ஆறு ஆபத்து.
ஆறாகிவிட்டால்
பத்தில் போய்த்தான் நிற்க வேண்டும்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
கேட்டவர்களுக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
சொல்லி முடித்ததும் அவர்கள் முகத்தில் வருகிற
அந்த அன்பு
எனக்குப் பிடிப்பதில்லை.

வாக்வாவில் ஏழு பத்து வண்டி.
போர்ட் லூயி போய்ச் சேர
முக்கால் மணி நேரம்.
சேன் ஜான் வரும்போது
வயிற்றில் ஒரு சுடர் பற்றும்,
நீலமாக, சன்னமாக.
வீடு எரிகிறது.
இறங்கி, எதிர்ச்சாரிக்குப் போய்,
திரும்பி வந்து பார்த்தால்
குமிழ் மூடித்தான் இருக்கும்,
என்னை முன்பின் பார்த்திராதது போல.

ஒரு நாள்
சிலிண்டரின் ரெகுலேட்டரையே கழற்றிக்
கைப்பையில் போட்டுக்கொண்டு
வேலைக்குப் போனேன்.
அன்று முழுதும் என்ன நிம்மதி!
கணக்கில் ஒரு பிழை இல்லை.
மாலை வந்தால்
சத்தியெனும் பையனும்
ஊறவைத்த அரிசிக்கு முன்னால் உட்கார்ந்து
ரொட்டியும் வெண்ணெயும் தின்றுகொண்டிருந்தார்கள்.
மேசையில் எடுத்து வைத்தேன்.
தொலைந்து கிடைத்த பல்செட்டைப் போல
சத்தியென் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கொரெக்" என்றார்.
அவருக்கு எல்லாமே கொரெக்.
அவர் பூட்டிய கதவு
ஒரே திருப்பில் பூட்டியிருக்கும்.
அவரை மணந்ததே அதற்காகத்தான் என்றும்
சில நாள் அதற்காகவே
அவரைக் கடித்துக் குதறலாம் போலிருக்கிறது என்றும்
ரோஸ் ஹில் மருத்துவரிடம் சொன்னேன்.
குறித்துக்கொண்டார்.

யோவென் ஒருமுறை குமிழைத் தொட்டான்.
ஆறு வயது, எம்பி நின்று,
ஒன்று, இரண்டு...
கையைத் தட்டிவிட்டேன்.
"சும்மா விளையாட்டு, அம்மா."
அன்றிரவு
நான் இருபது வரை போனேன்.

பிப்ரவரியில் புயல்.
வானிலை அலுவலகம் எங்கள் ஊரில்தான்,
அதனால் புயலை நாங்கள்தான் அனுப்புகிறோம் என்று
கடற்கரைக்காரர்கள் கேலி செய்வார்கள்.
மூன்றாம் எச்சரிக்கை வந்ததும்
தீவு முழுதும் என்னைப் போல் ஆகிவிட்டது.
கடையில் மெழுகுவர்த்தியை எண்ணினார்கள்,
எண்ணியதை மறந்து மறுபடி எண்ணினார்கள்.
எதிர்வீட்டு மதாம் ஃபெலிசித்தே
ஜன்னல் தாழை இழுத்துப் பார்த்தாள்,
உள்ளே போனாள்,
வெளியே வந்து இழுத்துப் பார்த்தாள்,
தெருவைக் கடந்து என்னிடம் வந்தாள்.
"எதையோ மறந்துவிட்டேன். எதை?"
உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்:
கூரைத் தொட்டியின் மூடி.
நாயின் சங்கிலி.
ஃபிரிட்ஜ் பிளக்.
பிறப்புச் சான்றிதழ்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் பை, ஒன்று போதாது.
இருபது வருடம் ஒத்திகை பார்த்த நாடகம்,
வசனம் ஒன்றுகூடத் தடுக்கவில்லை.

இரவு மின்சாரம் போயிற்று.
காற்று
வீட்டின் ஒவ்வொரு மூட்டையும்
தொட்டுத் தொட்டுப் பார்த்தது.
அதற்கும் ஏதோ கணக்கு இருந்திருக்கும்.
சத்தியென் எழுந்து போய்க் கதவைப் பார்த்தார்.
படுத்தார்.
எழுந்தார்.
டார்ச்சோடு திரும்பியவர்
நான் விழித்திருப்பதைக் கண்டு
திருடன் போலச் சிரித்தார்.
"மூன்று" என்றேன்.
"இன்னும் இரண்டு பாக்கி."
பிறகு தூங்கிவிட்டேன்,
எங்கேயோ தகரம் பிய்ந்து பறக்கிற சத்தத்தில்,
வாயைத் திறந்துகொண்டு.

மறுநாள் மாலை
எச்சரிக்கையை விலக்கிக்கொண்டதாக
வானொலியில் சொன்னார்கள்.
ஊருக்கு.

புதன்கிழமை ஏழு பத்து வண்டி.
ஓரமெல்லாம் முறிந்த லிச்சிக் கிளைகள்,
யாருடையதோ ஒரு நாற்காலி
மதகில் தலைகீழாக.
சத்தியென் காலையில்
ஒரே திருப்பில் பூட்டிவிட்டு
விசிலடித்துக்கொண்டே போயிருந்தார்.

சேன் ஜான்.
இந்த முறை மணியை அழுத்தவில்லை
என்று எழுத ஆசைதான்.
அழுத்தினேன்.
"புயல்தான் போய்விட்டதே, மதாம்"
என்றார் கண்டக்டர்,
நான் இறங்க
ஒதுங்கி நின்றபடி.