ஏழாவது வரி

நோக்க அறிக்கை பிரெஞ்சில் பதினொரு வரி,
ஜெர்மனில் பதின்மூன்று.
அவர்களுக்குச் சுருக்கிப் பேச வராது என்பாள் சில்வெட்.
என் வேலை எளிது.
இடப்பக்கம் வரி, வலப்பக்கம் அதற்குச் சான்று,
நடுவே எக்செல் இழுத்த மயிரிழைக் கோடு.
வசந்தத்தில் அங்கீகாரக் குழு வருமுன்
வலப்பக்கம் நிறைந்திருக்க வேண்டும்.

"ஆய்வும் கற்பித்தலும் ஒன்றையொன்று வளர்க்கும்."
பின்னிணைப்பு 4, 9, 22.
"இரு மொழிகளில் சிந்திக்கிறோம்."
பின்னிணைப்பு 31,
கூடவே உணவகத்தின் விலைப்பட்டியல்.
ஏழாவது வரி:
"எங்கள் கதவு எவருக்கும் திறந்திருக்கும்."
அதற்கு எதிரே
நவம்பர் முழுக்க வெள்ளைக் கட்டம்.
வெளியே ப்ரிபூர் நகரத்தில்
சாரின் ஆற்றின் மேல் பனிமூட்டம், அதே வெள்ளை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றேன்.
சுரைக்காய் என்றால் என்ன என்றாள் சில்வெட்.
படம் காட்டினேன்.
உள்ளே என்ன இருக்கும்?
காய்ந்துபோனால் ஒன்றும் இருக்காது,
குலுக்கினால் விதை மட்டும் சத்தம் போடும்.
சிரித்துவிட்டு
துணைவேந்தரின் முன்னுரையைக் குலுக்கிப் பார்ப்பதுபோல்
காதருகே பிடித்தாள்.

புகார்க் கோப்பு யாரும் திறக்காத அலமாரியில் இருந்தது.
அன்னினா ஏபிஷர், சட்டம், இரண்டாம் ஆண்டு.
சக்கர நாற்காலி. பத்தொன்பது நாளாக ஓடாத லிஃப்ட்.
கடிதம் இரண்டே வரி.
முதலாவது எங்கள் ஏழாவது வரி,
மேற்கோள் குறிக்குள், எழுத்துப் பிசகாமல்.
இரண்டாவது:
"அந்த எவரில் நானும் சேர்த்தியா?"

அதற்குப் பின்னால் குண்டூசியில் கோத்த தாள்கள்.
யார் பணம் கொடுப்பது என்று மூன்று கூட்டம்,
ஒரு மன்னிப்பு, திருத்திய மன்னிப்பு,
புது மோட்டாருக்கு ரசீது,
லிஃப்ட் நின்றால் வகுப்பு கீழ்த்தளத்துக்கு இறங்கும் என்றொரு விதி.
அந்த விதியின் முதல் சொற்களும் ஏழாவது வரிதான்.
பதினொரு வரிகளில் இதை மட்டும்
யாரோ உண்மையிலேயே படித்திருக்கிறார்கள்.

புகாரையா சான்றாக வைப்பது என்றார்கள் மேல்மாடியில்.
விருந்தாளி வரும்போது
அழுக்குத் துணியை வாசலில் காயப்போடுவாயா?

பதில் தோன்றவில்லை. மதியம் கீழ் நகருக்குப் போய்
மலையேறும் பழைய பெட்டியில் திரும்பினேன்.
இரண்டு பெட்டி, ஒரே கம்பிவடம்.
மேலே நிற்பதன் தொட்டியில்
ஊரின் கழிவுநீரை நிரப்புவார்கள்.
அது கனத்து இறங்க, இது ஏறும்.
வெயில் நாளில் கொஞ்சம் நாறும்.
ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவதில்லை,
ஏறவேண்டும் அவர்களுக்கு.
நாங்கள் பாதிவழியில் எதிர்ப்பெட்டியைக் கடந்தோம்.
அதில் யாருமில்லை, கனம் மட்டும்.

பின்னிணைப்பு 47 என்று தட்டச்சு செய்தேன்.
அன்னினாவிடம் அனுமதி கேட்டேன்.
பெயரை அழிக்காதே என்று எழுதினாள்.

மார்ச்சில் ஐந்து பேர் வந்தார்கள்.
கிராட்ஸிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தலைவி,
லுகானோவிலிருந்து குழுவின் மாணவ உறுப்பினர்,
கையுறையைக் கழற்றாமலே 47ஐப் புரட்டியவன்.
இந்த வரியை நேரில் பார்க்கலாமா என்றான்.
கூட்டிப்போனோம். லிஃப்ட் ஓடியது.
மூன்றாம் மாடி விரிவுரைக் கூடத்தின் கதவை
முழங்கையால் தள்ளிப் பார்த்தான்,
உட்கார்ந்த உயரத்தில் குனிந்து, ஒரே கையால்.
அசையவில்லை.
எதையோ குறித்துக்கொண்டான்.
சில்வெட் என் காலை மிதித்தாள்.

ஏழு ஆண்டுக்கு அங்கீகாரம்,
ஒரு நிபந்தனையோடு:
அந்தக் கதவு, இரண்டு ஆண்டுக்குள்.
காரணம் என்ற பத்தியில்
எங்கள் வரியையே எங்களுக்குத் திருப்பி எழுதியிருந்தார்கள்.

என் மொழியில் வினை கடைசியில்தான் வரும்.
எவர், எதை, எவருக்கு என்று
எல்லாம் வந்து வரிசையில் நிற்கும்,
அதுவரை எதுவும் நடந்திருக்காது.

ஜூனில் தச்சர் வந்தார், காதில் பென்சில்.
நிலையை இருமுறை அளந்தார்.
உட்பக்கம் திறக்கணுமா வெளிப்பக்கமா என்று கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.
அன்னினாவைக் கூப்பிட்டேன்.