போகையில் மடி, வருகையில் சீட்டு

மிஷன் வீதியில் மாடி ஏறிப் போகிற டிக்கெட் கடை.
"பாப்பா பிறந்த தேதி?" என்றாள் பெர்னாதெத்.
பிப்ரவரி ஒன்பது.
பாரிஸ் போவது ஜனவரி முப்பது,
திரும்புவது மார்ச் நாலு.
அவள் விரல் விட்டு எண்ணவில்லை. திரை எண்ணியது.
"போறப்ப மடி, வர்றப்ப சீட்டு.
ரெண்டு வயசு அங்கேயே முடிஞ்சுடுது பாருங்க."

மடிக்குக் கட்டணம் பத்தில் ஒன்று.
எனக்குச் சொந்தமான மடிக்கு
ஆறாயிரத்து நானூறு.
வேண்டுமென்றால் போகும்போதும் சீட்டு வாங்கலாம்,
அது உங்கள் இஷ்டம் என்றாள்.
இஷ்டம் என்பதைத்தான் ஒரு வாரமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

கடலூர் பஸ்ஸில் நான்
நாலு வருஷம் நாலு வயதாக இருந்தவள்.
கண்டக்டர் வரும்போது அம்மா தோளை அழுத்துவாள்,
முட்டியை மடக்கிக் குட்டையாவேன்.
கன்னியக்கோயில் தாண்டியதும் மறுபடி வளர்வேன்.
பாஸ்போர்ட்டின் தோளை
எந்த அம்மா அழுத்த முடியும்?

முன்வரிசைச் சுவரில் தொட்டில் மாட்டுவார்களாம்,
பதினோரு கிலோ வரைக்கும்.
பெரிய மார்க்கெட் அரிசி மண்டியில்
பொன்னி மூட்டை இறங்கிய தராசில் நித்திலாவை ஏற்றினேன்.
பதினொன்று முந்நூறு.
"கொலுசக் கழட்டிப் பாரும்மா" என்றார் கலியமூர்த்தி.
கழற்றினேன்.
பதினொன்று இருநூற்று அறுபது.
அவள் தராசை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதாள்.

தணிகைவேல் போனில் சிரித்தான்.
பின்னால் தட்டுகள் கழுவும் சத்தம்.
"பத்து மணி நேரம்தானே. ராத்திரி ஃப்ளைட்டு.
மடியிலயே தூங்கிடுவா."
அவன் கடைசியாகத் தூக்கியபோது அவள் ஆறு கிலோ.
அந்த ஆறு கிலோ தூங்கிவிடும்தான்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

ஜிப்மரில் என்னோடு ரத்தம் எடுக்கிற செவ்வந்திதான்
வேறு மாதிரி பேசினாள்:
"ஃப்ளைட்டு குலுங்கினா கை நிக்காதுக்கா.
நம்ம கைன்னு நாமதான் நெனச்சுட்டிருக்கோம்."
ஊசி குத்தும்போது எத்தனை குழந்தைகளைப் பிடித்த கை இது,
எனக்குக் கோபம் வந்தது.

அன்று மாலை முத்தியால்பேட்டை டெம்போவில்,
அஜந்தா சிக்னல் தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்தது.
டிரைவர் மிதித்தார்.
அரை நொடி, அரை நொடிதான்,
கை என்னிடம் இல்லை.
முன் கம்பியில் போய் இடித்தது பால் பாட்டில்.
அவள் இடிக்கவில்லை.
இன்னொரு தடவை செய் என்பது போல
டிரைவரைப் பார்த்துச் சிரித்தாள்.
நான் வீடு வரைக்கும் யாரிடமும் பேசவில்லை.

வேதவல்லியிடம் ஐம்பதாயிரம் சீட்டு,
எட்டாவது மாதம்,
ஒன்பதாயிரம் தள்ளி எடுத்தேன்.
சீட்டு எடுத்துச் சீட்டு வாங்கினேன் என்று சொன்னால்
தணிகை இன்னொரு முறை சிரிப்பான்.
தள்ளின தொகையைச் சொல்லமாட்டேன்.

பெர்னாதெத் காகிதத்தை நீட்டினாள்.
இதற்கு முன் காட்டியதில்
என் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்
குழந்தை ஒன்று என்றிருந்தது.
இதில் கீழ்வரியில் முழுப்பெயர்,
அப்பா பெயரோடு, எண்ணோடு.
"ஜன்னல் யாருக்கு?" என்றாள்.
ஒரு வாரம் யோசித்தவள்
இதை மட்டும் யோசித்திருக்கவில்லை.

திரும்பும்போது டெம்போ காலியாக வந்தது.
நித்திலாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.
ஒரு பெண் ஏறினாள், பிறகு கூடையோடு ஒருவர்.
"பாப்பாவ மடியில வச்சுக்கம்மா, ஆள் ஏறும்"
என்றார் டிரைவர் கண்ணாடி வழியே.

ரெண்டு பேருக்குத் தர்றேன் என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு கியரைப் போட்டார்.
மணிக்கூண்டு வரைக்கும்
தரை தொடாத கால்களை ஆட்டியபடி வந்தாள்,
ஒரு கையில் என் துப்பட்டா நுனி,
இன்னொரு கையில் டிக்கெட் கடை ரசீது,
அதன் ஒரு மூலை ஏற்கெனவே
வாயில்.