காலி எடை

கும்மிடிப்பூண்டி லோக்கல்
கொருக்குப்பேட்டையில் என்னை இறக்கிவிட்டபோது
தோளில் ஒரு பை,
பழைய சேலையில் சுற்றி மார்போடு அணைத்த
மேசை விசிறி.
அதைக் கைக்குழந்தை என்று நினைத்து
ஒருவர் எழுந்து இடம் கொடுத்திருந்தார்.
பீச் ஸ்டேஷனிலிருந்து
அந்தப் பொய்யின் மேல்தான் உட்கார்ந்து வந்தேன்.
ராயபுரத்தில் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

வழி கேட்டேன்.
"கேட்டாண்ட போய் அப்டிக்கா திரும்பு,
பம்பாண்ட நீல வூடு"
என்றாள் நண்டுக் கூடைக்காரி.
கேட்டை ஆண்டது யார்,
பம்பை ஆண்டது எந்த வம்சம் என்று தெரியாமல்
ரயில்வே கேட்டில் நின்றேன்.
எண்ணெய் டேங்கர்கள் நாற்பத்தெட்டு எண்ணினேன்.
கேட் திறக்கவில்லை.
ஊரே குனிந்து நுழைந்து போயிற்று.
விசிறியோடு குனிய எனக்குத் தெரியவில்லை.

"எத்தினி பேரு?" என்றாள்
வீட்டுக்காரி கோட்டீஸ்வரம்மா.
"ஒருத்தி."
"அது சரி, எத்தினி பேரு?"

அவளிடம், வீட்டுக்காரர் மஸ்கட்டில் என்றேன்.
எடைமேடை மேனேஜரிடம், இறந்துவிட்டார் என்றேன்.
எதிர்வீட்டு ஜெபராணி துருவித் துருவிக் கேட்டதில்
கல்யாணமே ஆகவில்லை என்றும் ஆயிற்று.
உண்மையில் அவ்வளவு கதை இல்லை.
அவர் சாத்தூரில் நன்றாக இருக்கிறார்.
மதியம் தூங்குகிறார்.

மணலி சாலையில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
கண்டெய்னர் வண்டி மேடையேறும்,
சிவப்பில் எண்கள் நடுங்கி நிற்கும்.
சுமையோடு ஒரு எடை,
இறக்கிவிட்டு வந்து ஒரு எடை,
கழித்தால் சரக்கு.
டிரைவர்கள் இறங்கமாட்டார்கள்.
அவர்கள் தூக்கமும் சேர்ந்துதான் சீட்டில் அச்சாகும்.
ஒருவன் கேட்டான்,
"அக்கா, என்னைக் கழிச்சிட்டியா?"
இரண்டு தடவையும் நீ இருந்தாய், தானாகக் கழிந்துவிடும் என்றேன்.
அவனுக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

முதல் வாரம் கேஸ் வாடைக்கு மூக்கைப் பொத்தினேன்.
மூன்றாம் மாதம், வாடையில்லாத ஓர் இரவு,
என்ன ஆயிற்றோ என்று
ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.

தண்ணீர் லாரிக்கு
ஆட்களுக்கு முன்னால் குடங்கள் வந்து நிற்கும்.
என்னுடையது ஆரஞ்சு, விளிம்பில் பல் பட்டதுபோல் ஒரு வெட்டு.
ஐப்பசியில் ஒருநாள் லாரி வரவேயில்லை.
முட்டியளவு மழைத்தண்ணீரில் நின்றுகொண்டு
குடிதண்ணீருக்காகக் காத்திருந்தோம்.
பேச்சு வளர்ந்தது.
மேனேஜரின் தங்கை பூங்காவனமும்
அன்றைக்கென்று வரிசையில் இருந்தாள்.
மஸ்கட்டும் சாவும் கன்னிமையும்
குடங்களுக்கு நடுவே
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.
கோட்டீஸ்வரம்மா ஜெபராணியைப் பார்த்தாள்.
ஜெபராணி பூங்காவனத்தை.
பூங்காவனம் என்னை.
நான் என் குடத்துக்குள் பார்த்தேன்.
அடியில் ஓர் எறும்பு சுற்றிக்கொண்டிருந்தது.

"எதுனா ஒண்ணு வச்சிக்கோமே"
என்றாள் கோட்டீஸ்வரம்மா.
"கேக்கறவங்களுக்கு நாங்களும்
ஒரே மாதிரி சொல்லணும்ல?"

மஸ்கட்டே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.
"துட்டு அனுப்பாம இன்னா புடுங்கறான் அங்க?"
என்று அந்த நிமிடமே
அவரைத் திட்டத் தொடங்கினாள் ஜெபராணி.
எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.
லாரி வந்தது.

தங்கச்சி போனில் கேட்டாள்,
எங்கே இருக்கே, ஒரே சத்தமா கேக்குது.
"பம்பாண்ட."
"பம்பை என்ன செஞ்ச?"
சொல்ல வாயெடுப்பதற்குள்
குடம் நிறைந்துவிட்டது.

வண்டி வராத பின்னிரவுகளில்
நானே மேடையில் ஏறிப் பார்ப்பதுண்டு.
அறுபது டன் தாங்கும் இரும்புக்கு
பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
வந்த புதிதில் ஐம்பது காட்டியது.
தையில் அறுபது.
நடுவில் ஏறியது எதையும்
எந்தச் சீட்டிலும் அச்சடிக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் நின்றிருப்பேன்.
ட்ரெய்லர் ஒன்று முகத்தில் விளக்கடித்து
ஹாரன் அடித்தான்,
"ஏறணும், எறங்குக்கா."

இறங்கினேன்.
சுழியத்துக்கு வந்ததா என்று பார்த்து
கையைக் காட்டினேன்.