பொன்குப்பி

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன்.
கதை தொடங்கவே பதினொரு மணித்தியாலம்.
அதுவரை யாரோ ஒரு பெட்டையின் தொலைந்த பூனையைத் தேடிப்
பாலத்துக்கும் மில்லுக்கும் நடக்கவேண்டும்.
மூன்றடி வைத்தால் திரை கிழிந்து
ஒரு சளிப்பூதம் வந்து நிற்கும்.
அதைக் கொன்று இன்னும் மூன்றடி வைத்தால்
அதன் தம்பி.

ஊர்ச்சனத்துக்கு ஆளுக்கொரு வசனம்தான்.
உலகம் பாதி எரிந்த பிறகு போய்க் கேட்டாலும்
"இன்றைக்குக் கேரட் மலிவு" என்கிறாள் கடைக்காரி.
வில்லன் சாகிற நேரத்தில்
இருபது நிமிடம் தத்துவம் பேசுவான்,
அமத்தித் தாண்ட ஏலாது.
ஜெர்மன் மொழிபெயர்ப்பில் எல்லாரும்
கந்தோர்க் கடிதம் மாதிரிக் கதைக்கிறார்கள்.
குத்தும்போதும் "நீங்கள்", சாகும்போதும் "நீங்கள்".

இதை நாங்கள் இரண்டுபேர் விளையாடினோம்.
ஓல்ட்டனில், ரயில்பாதை பார்த்த அறை,
ஒரு பெட்டி, ஒரு கைப்பிடி,
ஒரே ஒரு சேமிப்பு.
எனக்கு ஹெர்க்கிங்கனில் இரவுப் பார்சல்.
யசோதரனுக்கு ஹோட்டல் குசினி, மதியமும் இரவும்.
ஒரே வீட்டில் நாலு மாதம்,
முகம் பார்த்தது ஞாயிறுகளில்.
ஆனால் காலை ஆறரைக்கு வந்து திரையைப் போட்டால்
அவன் ராத்திரி எங்கே போனான் என்று தெரியும்.
இருபத்திரண்டாம் லெவலில் விட்ட வாள்காரி
இருபத்தைந்தில் நிற்பாள்.
சில நாள் ஒன்றும் நகர்ந்திராது,
மீன் கணக்கில் மட்டும் நாற்பது கூடியிருக்கும்.
அன்றைக்குச் செஃப் ஏசியிருக்கிறான்.

நல்லது என்றால்,
எதிரி காத்திருப்பான்.
நான் தேத்தண்ணி ஊற்றிச் சீனி போட்டுக் கலக்கி வரும்வரை
கோடரியைத் தூக்கியபடி அசையாமல் நிற்பான்.
என் முறை என்றால் என் முறைதான்.
பார்சல் பெல்ட்டுக்கு அந்த மரியாதை இல்லை.
பத்து நாணயம் கொடுத்துச் சத்திரத்தில் படுத்தால்
காயம், நஞ்சு, சாபம் எல்லாம் விடியுமுன் மாறும்.
என் தோள்மூட்டு படுத்தெழும்பினாலும் அதே மூட்டு.
வானம் வெடித்து உலகம் முடியப்போகிறதாம்.
அதுவும் காத்திருக்கும்,
நாங்கள் மீன்பிடித்து முடியட்டும் என்று.

பொன்குப்பி ஒன்றே ஒன்று.
மலைக்கோயிலில் கிடைத்தது. செத்தவரையும் முழுதாய் எழுப்பும்.
பறவைநாகம் அடித்தபோதும் நான் தொடவில்லை.
மந்திரக்காரன் மூன்றுமுறை விழுந்தான், தொடவில்லை.
இதைவிடப் பெரிதாய் ஒன்று வரும் என்று வைத்திருந்தேன்.
எங்கட ஆட்களுக்குப் பழகின வருத்தம்தானே:
வடிவான கோப்பைகள் கண்ணாடி அலுமாரியில்,
தேத்தண்ணி காதுடைந்த குவளையில்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்
குப்பி இருந்த இடத்தில் பூச்சியம்.
பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்,
கடைசியாய் வென்ற எதிரி: வாத்து.
ஆற்றங்கரை வாத்து. முதல் ஊர் வாத்து.
ஒரு அடியில் சாகிற வாத்து.

வந்த கோபத்தை இப்போது சொல்ல வெட்கம்.
குளிர்ப்பெட்டிக் கதவில் தாள் ஒட்டினேன்: "ஏன்?"
பின்னேரம் எழும்பிப் பார்த்தால் கீழே அவன் எழுத்து.
"எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாய் இருந்தது.
முழுத்திரையும் பொன்னாய் வந்தது மச்சான்.
வயலின் மாதிரி ஒரு சத்தம்.
வாத்தும் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றது."

நாற்பது மணித்தியாலம் பையில் வைத்திருந்தேன்.
அந்தச் சத்தம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, கடைசிக் கோட்டை,
குப்பி இல்லாமலே, கைப்பிடியை மாற்றி மாற்றி.
நாலாம் தடவை வென்றோம்.
வில்லன் பேசத் தொடங்கினான்,
யசோதரன் சோபாவில் நித்திரையாகிப்போனான்.
எழுப்பவில்லை.
பெயர்கள் மேலே போயின. ஒன்றும் வாசிக்கத் தெரியவில்லை.
சூரிச் ரயில் ஒன்று ஜன்னலை உலுக்கிப் போனது.

முதல் ஊருக்குப் போய்
எல்லாம் முடிந்தது, இனிப் பயமில்லை என்று
அந்தக் கேரட்காரியிடம் சொல்லலாம் என்று பார்த்தேன்.
விடாது.
கடைசிக் கதவுக்கு முன்னால் திரும்பக் கொண்டுபோய் நிறுத்துகிறது,
உள்ளே வில்லன் உயிரோடு.

இதையும் குறைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.