இறங்கு ஏலம்

ஐந்து வாரமாக மத்லைனா எனக்குப்
பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கக் கற்றுத் தருகிறாள்.
அவளுக்கு முப்பத்தொன்று. எனக்கு ஐம்பத்தைந்து.
கடிகார ஆலை மூடியபின் ஊராட்சி கொடுத்த வேலை:
நிலவறை, ஆவணப் பெட்டிகள்,
துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்குவது.

"கையுறை வேண்டாம்," என்றாள் முதல் நாள்.
"கழுவித் துடைத்த கை போதும்.
துணி உடுத்திய விரலுக்குத்
தாள் எங்கே கிழியப் போகிறதென்று தெரியாது."

அந்த எழுத்தில் ஒரு சொல் முழுக்க
வேலிப்படல் மாதிரி இருக்கும்.
எந்தக் குச்சியில் ஓர் எழுத்து முடிந்தது,
எதில் அடுத்தது தொடங்கியது?
பாலர் வகுப்புப் பிள்ளையாய் எழுத்துக்கூட்டினேன்.
பால் வரி. பாலம் பழுது. ஊர்க் காளை வாங்கிய செலவு.

எங்கள் ஊரை நீங்கள் நாள்காட்டியில் பார்த்திருப்பீர்கள்.
ஜன்னலுக்கு ஜன்னல் ஜெரேனியம்.
ஏழு நாற்பத்திரண்டு பேருந்து
ஏழு நாற்பத்திரண்டுக்கே வரும்.
சாலையோரம் ஆளில்லாத முட்டைக் கடை;
தகரப் பெட்டியில் காசைப் போட்டு
மீதியை நாமே எடுத்துக்கொள்ளலாம்.
பழைய செய்தித்தாளைக்கூடக்
குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டித்தான் வாசலில் வைப்போம்.
ஒருமுறை என் கட்டு தளர்ந்திருந்தது.
யாரோ இரவில் வந்து
சரியாகக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். மத்லைனாவிடமும்.
அவள் சிரிக்கவில்லை.

இன்று பச்சை முதுகுப் பேரேடு ஒன்றைப்
பஞ்சுத் திண்டின்மேல் வைத்தாள்.
"எழுபத்து மூன்றாம் பக்கம். நீங்களே படியுங்கள்.
நான் படித்தால் குற்றச்சாட்டு மாதிரி ஆகிவிடும்.
வெளியூர்க்காரி வேறு."

இடறும் என்று காத்திருந்தேன்.
ஓர் எழுத்துகூட இடறவில்லை.

ஏழைப் பிள்ளைகள் ஒப்படைப்பு.
விடுதி மாடிக்கூடம். ஞாயிறு, பிரசங்கத்துக்குப் பின்.

ஏலம் என்றால் ஏறும் என்றுதான் அறிவேன்.
இது இறங்கியது.
வளர்ப்புச் செலவென்று ஊர் தரும் பணத்தில்
யார் குறைவாகக் கேட்கிறாரோ
அவருக்குப் பிள்ளை.
நூற்றிருபது பிராங்க். தொண்ணூறு. எழுபது.
நாற்பத்தைந்தில் ஒரு கை.
லூத்தி, மேட்டுப் பண்ணை.
என் அப்பாவின் கை,
நான் பிறக்கப் பத்து வருடம் முன்னால்.

பையன், வயது ஏழு.
இருமல் உண்டு. கொஞ்சமாகத்தான் சாப்பிடுவான்.

கடைசி வரியை
ஒரு நல்ல குணம் போல
அடிக்கோடிட்டிருந்தார்கள்.

"எப்போதிலிருந்து தெரியும்?"
"நீங்கள் வேலைக்கு மனுப் போட்ட அன்றிலிருந்து.
அன்றே சொல்லியிருக்கலாம்.
எழுத்தைக் கற்கட்டும் என்று விட்டேன்."
அதற்காக அவளை மன்னிப்பதா
என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நோல்டி.
தொழுவத்துக்கு மேலே வைக்கோல் பரணில் படுப்பான்.
எனக்கு மரத்தில் பசு செதுக்கித் தந்தவன்,
ஒரு கொம்பு கொஞ்சம் கட்டை.
எல்லோரும் எழுந்தபின் சாப்பிடுவான், நின்றபடி.
"அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்," என்பாள் அம்மா.
எனக்குக் கீரை பிடிக்காது, அவனுக்கு நாற்காலி பிடிக்காது
என்று எடுத்துக்கொண்டேன்.
எனக்கு ஒன்பது வயதான மார்ச்சில் ஒரு விடியலில் அவன் இல்லை.
அப்பா தேடவில்லை.
பால் வாளிகளை எண்ணிப் பார்த்தார்.

பேரேட்டின் கடைசியில் அகரவரிசைப் பட்டியல் உண்டு,
ஏலம் எடுத்தவர்களுக்கு.
பிள்ளைகளுக்கு இல்லை.
மத்லைனா வெற்று அட்டைக் கட்டொன்றை
என் பக்கம் நகர்த்தினாள்.
இருநூறு இருக்கும்.
"எந்தப் பெயரில் தொடங்குவதென்பது உங்கள் விருப்பம்."

நோல்டி என்று எழுதப் போய்
பென்சில் நின்றது. ஓர் அட்டைக்கு அது போதாது.
மறுபடி எழுபத்து மூன்று.
ஆர்னோல்ட் பேர்ச்சி.

ஒன்பது வருடம் ஒரே கூரை.
அவனுக்குக் குடும்பப் பெயர் ஒன்று இருந்திருக்கிறது.

மேலே கோயில் மணி அடித்தது.
பேருந்து வந்திருக்கும், சரியான நேரத்துக்கு.
மத்லைனா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
"இரண்டாவது எழுத்தின் தலையில்
இரண்டு புள்ளி விட்டுப்போச்சு."

வைத்தேன்.